ஜாவா தெரியாமல் குளோஜர் கற்கலாமா?

[திரை: டெர்மினல். ரெப்பலில் (1 2 3) என்று தட்டி என்டர்.]

வணக்கம். குளோஜர் என்ற புரோகிராமிங் மொழியின் ரெப்பலை, அதாவது தட்டியதை உடனே ஓட்டிப் பதில் காட்டும் இடத்தைத் திறந்து, 1, 2, 3 என்று ஒரு பட்டியல் வேண்டும் என நினைத்து இப்படித் தட்டியிருக்கிறீர்கள். என்ன பதில் வருகிறது, பாருங்கள்.

[திரை: பிழைச் செய்தி. கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன், லாங், ஐஎஃப்என் ஆகிய சொற்களைச் சுற்றி மட்டும் வட்டம்.]

ஜாவாவின் லாங்கை ஐஎஃப்என்னாக மாற்ற முடியாது என்கிறது. நாம் ஜாவாவில் ஒரு வரிகூட எழுதவில்லையே, அப்புறம் எங்கிருந்து வந்தது ஜாவா?

ரிச் ஹிக்கி 2007-இல் குளோஜரை வெளியிட்டபோதே, அதை ஜேவிஎம்மின், அதாவது ஜாவா புரோகிராம்களை ஓட்டும் அடித்தளத்தின், மேல் உட்காரும் மொழியாகத்தான் வடிவமைத்தார். அடியில் இருப்பதை மூடி மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. குளோஜரின் ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடர், ஜாவாவின் ஸ்டிரிங்கேதான். 1 என்ற எண், ஜாவாவின் லாங் என்ற முழு எண் வகை. அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பதை ஃபங்ஷன் என்று எடுத்துக்கொண்டு குளோஜர் அதை அழைக்கப் பார்க்கும். அழைக்கக்கூடிய எதற்கும் உள்ளே இருக்கும் பெயர் ஐஎஃப்என். ஆக, 1 ஒரு ஃபங்ஷன் அல்ல, அதை அழைக்க முடியாது என்பதுதான் இதன் பொருள். விஷயம் சரிதான், பேசும் பாஷை மட்டும் கீழ்வீட்டுக்காரருடையது.

"முதலில் ஜாவாவை முழுசாகப் படி, அப்புறம் குளோஜருக்கு வா" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஹெரிட்டன்ஸ், கெட்டர், செட்டர் என்று ஜாவாவின் முறைகளை மாதக்கணக்கில் பழகிவிட்டு இங்கே வந்தால், அதே தகவலை ஒரு சாதாரண மேப்பில், அதாவது பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பில், போட்டு வை என்பார்கள். மெனக்கெட்டுப் பழகியதை மெனக்கெட்டு மறக்க வேண்டும். அதற்காக, ஜாவா பக்கமே போக வேண்டாம் என்பவர்களையும் நம்பிவிடாதீர்கள். முதல் ஸ்டாக் டிரேஸ், அதாவது பிழை வந்த வழியை வரிவரியாகக் காட்டும் பட்டியல், வரும் வரைக்கும்தான் அந்தப் பேச்சு. ஜாவா என்ற மொழியைத் தள்ளிவைக்கலாம், ஜேவிஎம்மின் சில குணங்களைத் தள்ளிவைக்க முடியாது.

[திரை: நீளமான ஸ்டாக் டிரேஸ், மெதுவாக மேலே நகர்கிறது.]

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனும் ஜேவிஎம்முக்குப் போகும்போது ஒரு கிளாஸாகிவிடுகிறது. அந்தக் கிளாஸின் பெயர் இப்படி இருக்கும்: நேம்ஸ்பேஸ் (ஃபங்ஷன்களைத் தொகுத்து வைக்கும் பகுதி) பெயர், ஒரு டாலர் குறி, அப்புறம் ஃபங்ஷன் பெயர். ஜாவாவில் பெயருக்குள் ஹைஃபன் வைக்க முடியாது, அதனால் அது அண்டர்ஸ்கோராக மாறியிருக்கும். இவ்வளவு தெரிந்தால் பாதி பயம் போய்விடும். குளோஜர் டாட் லாங் என்று தொடங்கும் வரிகளைத் தாண்டுங்கள். உங்கள் நேம்ஸ்பேஸும் டாலரும் சேர்ந்து வரும் முதல் வரியில் நில்லுங்கள். வரி எண் அங்கேயே இருக்கும். தப்பு கம்பைல் ஆகும்போது நடந்ததா, ஓடும்போது நடந்ததா என்பதை 2018-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து செய்தியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மேப், ஃபில்டர் என்ற ஃபங்ஷன்கள் எல்லாம் லேசி (முன்பு சொன்ன மேப் வேறு). விடையை யாராவது கேட்கும்போதுதான் வேலையைத் தொடங்கும். அதனால் டிரேஸ், மேப் எழுதிய வரியை விட்டுவிட்டு, விடையைக் கேட்ட வரியைக் காட்டக்கூடும்.

அந்த ஹைஃபன் இன்னொரு இடத்திலும் படுத்தும். நேம்ஸ்பேஸில் ஹைஃபன் இருந்தால் கோப்பின் பெயரில் அண்டர்ஸ்கோர் வர வேண்டும். இல்லையென்றால், கோப்பு கண்ணெதிரே இருந்தாலும் கிளாஸ்பாத்தில் காணோம் என்று வரும். கிளாஸ்பாத் பெரிய விஷயம் இல்லை, ஜேவிஎம் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்கள், ஜார் கோப்புகளின் (கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்புகள்) பட்டியல், அவ்வளவுதான்.

ஸ்கீம் என்ற மொழி தெரிந்து வருபவர்கள் ரீகரில் தடுக்கி விழுவார்கள். ஸ்கீமில் ஒரு ஃபங்ஷன் தன்னையே கடைசி வேலையாக எத்தனை முறை அழைத்தாலும் ஸ்டாக், அதாவது முடியாத அழைப்புகளைக் குறித்து வைக்கும் இடம், வளராது. ஜேவிஎம் அந்த வசதியைத் தருவதில்லை, ஆழமாகப் போனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அதற்காகத்தான், ஸ்டாக் வளராமல் மறுபடி அழைக்க, குளோஜரில் ரீகர் தனியாக இருக்கிறது.

[திரை: ஜாவா டாக். லோக்கல் டேட் கிளாஸின் பக்கம்.]

சரி, ஜாவா கிளாஸை நேரடியாகப் பயன்படுத்த வேண்டி வந்தால்? தேதிக் கணக்குக்கு, 2014-இல் ஜாவா 8-உடன் வந்த ஜாவா டைம் நன்றாகவே போதும். இந்தப் பக்கத்தில் ஸ்டாட்டிக் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்றைய தேதியைத் தரும் நவ் ஸ்டாட்டிக், எனவே கிளாஸ் பெயர், சாய்கோடு, நவ். நாட்களைக் கூட்டும் பிளஸ் டேஸ் அப்படி இல்லை, எனவே முன்னால் ஒரு புள்ளி வைத்த மெத்தட் பெயர், அப்புறம் தேதி. இவை பழைய தேதியை மாற்றாமல் புதிதாக ஒன்றைத் தரும், நமக்குப் பழகிய முறைதான். ஆனால் ஏதாவது ஜாவா நூலகம் அர்ரே லிஸ்ட் என்ற பட்டியல் ஒன்றைத் தந்தால் உஷார், அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வாங்கியதும் குளோஜரின் மாறாத பட்டியலான வெக்டரில் கொட்டிவிடுங்கள்.

ஜேவிஎம்மின் உள்வேலைகளான கார்பேஜ் கலெக்டர், ஜிட் கம்பைலர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். புரோகிராம் சர்வரில் ஏறி, மெமரி போதவில்லை என்று விழுந்தால், அன்றைக்கு மேக்ஸ் ஹீப் அளவை, அதாவது ஹீப் என்ற மெமரிப் பகுதி வளரக்கூடிய அதிகபட்ச அளவை, தேடுங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் பொதுவாகக் கணினி மெமரியில் கால் பங்கோடு நின்றுகொள்ளும்.