பக்கத்து அறையில் காபி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே மகன் என்னிடம், "அப்பாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க, காலையில சாப்பிட்டதையே மறந்துடறார்" என்றார். பெரியவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாக மங்கும் நோய், இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் ஊரில் இதற்கென்று கூட்டம் போட்டால் பெரும்பாலும் வருவது மகள், மருமகள், மனைவி. அவர்களுக்கும் அது வேண்டும்தான். ஆனால் நோய் தொடக்க நிலையில் இருப்பவர் தன்னைப் பற்றித் தானே பேச எங்கே போவார்?

கிறிஸ்டின் பிரைடன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்தவர். 1995-இல், 46 வயதில் அவருக்கு இந்த நோய் என்றார்கள். 2003-இல் டிமென்ஷியாவுக்காக உழைக்கும் உலக அல்சைமர் அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயாளியாகவே போய் அங்கே உட்கார்ந்தார். அதற்கு முன்பே, 2002-இல் ஸ்காட்லாந்தில் இந்த நோய் உள்ளவர்களுக்கென்றே ஒரு குழு தொடங்கப்பட்டது. அதில் உறுப்பினராகச் சேர ஒருவருக்கு டிமென்ஷியா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் நாங்கள் நடத்தும் இப்படிப்பட்ட குழு ரொம்பச் சின்னது. செவ்வாய்க்கிழமை காலை, ஏழெட்டுப் பேர். வட்டமாக நாற்காலி, சட்டையில் கொட்டை எழுத்தில் பெயர் அட்டை. கூட வந்தவர்களுக்குப் பக்கத்து அறையில் காபி. கதவைச் சாத்திவிடுவோம். விதி ஒன்றே ஒன்று: யாராவது ஒரு வார்த்தையைத் தேடித் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். முதல் மாதம் அதை அதிகம் மீறியது நான்தான்.

கணக்கு டீச்சராக இருந்த ஓர் அம்மா. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறார் என்று மருமகள் அடுப்படிப் பக்கமே விடவில்லை. அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்பு மேடையில் இரண்டு கிண்ணம், ஒன்றில் நாலு புளியங்கொட்டை. உப்புப் போட்டதும் ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றிவிடுவார். இதை அவர் சொன்னபோது, வங்கியில் கேஷியராக இருந்தவர் கைதட்டிவிட்டு, "வாசல் பூட்டுக்கும் இது சரிப்படும்" என்றார். எந்த டாக்டர் சீட்டிலும் இதை எழுதித் தரமாட்டார்கள்.

டாக்டரிடம் முதலில் போகத்தான் வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

பணம் காசு பேச்சும் வரும். "பவர் எழுதிக் கொடுத்துட்டேன், இனிக் கவலையில்லை" என்றார் ஒருவர். நம் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது. பிள்ளைகள் பலருக்கே இது தெரியாது. உயில் எழுதுவதானாலும் தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும். அந்த வாரமே மூன்று பேர் வக்கீலைப் பார்க்கப் போனார்கள்.

இதில் நோய் குணமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் முற்றும். ஒருநாள் வட்டத்தில் உட்கார்ந்திருப்பதே ஒருவருக்குக் கஷ்டமாகிவிடும். கேஷியர் சாருக்கு அப்படித்தான் ஆனது. டீச்சரம்மா வாராவாரம், "கேஷியர் சார் வரலையா?" என்று கேட்பார். மனம் கேட்காமல், "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவந்தோம். ஒருநாள் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நிஜத்தைச் சொல்லுங்க. நான் மறந்துபோய்த் திரும்பக் கேட்டா, திரும்பச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார்.

போன செவ்வாய் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னோம்.