டேங்க் ஃபுல் பண்ணினா மட்டும் காருக்குள்ள பெட்ரோல் வாடை: எங்க பாக்கணும்?

கானாடுகாத்தான்ல இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காக. 2014 மாடல் பெட்ரோல் கார். பிள்ளைக வெளியூர்ல இருக்கறதால வருஷத்துல பாதி நாள் வண்டி ஷெட்லதான் நிக்குதாம். தை மாசம் கல்யாணத்துக்கு எடுத்து டேங்கை ஃபுல் பண்ணியிருக்காக. அன்னையிலேருந்து பின்சீட்ல உக்காந்தா பெட்ரோல் வாடை, தலைவலியே வந்துருதாம். கால் டேங்குக்கு இறங்கினா வாடை போயிருது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு ஒழுகல் ஒண்ணும் இல்லைன்னுட்டாராம்.

ஆச்சி, பாதி பதிலை நீங்களே சொல்லிட்டீக. ஃபுல்லா இருந்தா அடிக்குது, குறைஞ்சா அடிக்கல. அப்ப கோளாறு டேங்கோட மேல்பக்கத்துல. பானெட்டுக்குள்ள கசிஞ்சா டேங்க் அளவு பத்தி அதுக்குக் கவலையே கிடையாது. டேங்குக்குள்ள இருக்கற பம்பு என்ஜினுக்குப் பெட்ரோலை 3, 4 பார் அழுத்தத்துல தள்ளிக்கிட்டே இருக்கும், கால் டேங்க்லயும் அதே வாடைதான் வரும். காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஏசி வழியா அடிச்சு, என்ஜின் சூடானதும் நின்னா என்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டரோட ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) சந்தேகப்படலாம். உங்க கேஸ் அது இல்ல.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மேல போகாது, தரையோட படுத்துக்கிடும். ஷெட்டுல உசரத்துல ஜன்னல் இருக்குன்னு நம்பாதீக, கதவை முழுசாத் திறந்து வைக்கணும். பக்கத்துல விளக்கு, சாம்பிராணி ஒண்ணும் கூடாது. தரையில சொட்டு விழுந்திருந்தா ஸ்டார்ட்டே பண்ணாம, நாலு பேரை வெச்சுத் தள்ளி வெளிய கொண்டாந்துருங்க. அப்புறம் டிக்கியையும் ஒரு தடவை பாத்துருங்க. புல்லு வெட்டுற மெஷினுக்கு வாங்கின கேன் ஒண்ணு ஓரமாக் கிடந்தா, இவ்வளவு வேலையும் வீண்.

இப்ப டேங்க் மூடி. உள்ள இருக்கற ரப்பர் வளையத்தை விரலால வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மூடியை மாத்திருங்க. அடுத்தது பின்சீட். உக்காருற மெத்தையோட முன்பக்க ஓரத்தைப் பிடிச்சு மேல இழுத்தா பெரும்பாலும் ரெண்டு கிளிப்பு விட்டு வந்துரும். கார்பெட்டுக்கு அடியில பெரும்பாலும் ஒரு தகரத் தட்டு இருக்கும், ஸ்க்ரூ போட்டோ ஒட்டியோ வெச்சிருப்பாங்க. அதுக்குக் கீழதான் டேங்கும் பம்போட தலையும். அதுல வயர் போற ரப்பர் சரியா உக்காரலைன்னாலே வாடை உள்ள வரும்.

தட்டை எடுத்ததும் துடைச்சுறாதீக. தூசிதான் சாட்சி. பம்போட தலையைச் சுத்தி எல்லா இடத்துலயும் தூசி சாம்பல் நிறத்துல காய்ஞ்சு கிடக்கும். கசியுற இடத்துல மட்டும் கறுத்து, ஈரச் சேறு மாதிரி ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பு, பம்பை டேங்கோட இறுக்கிப் பிடிக்கிற பெரிய வளையத்தை (லாக் ரிங்) சுத்தி இருந்தா, அதுக்கு அடியில இருக்கற ரப்பர் சீல், அதாவது பம்பு கேஸ்கெட். பைப் மாட்டுற மூக்குக்கிட்ட இருந்தா பிளாஸ்டிக்ல மயிரிழை வெடிப்பு. ஆனா வெடிப்புன்னா என்ஜின் ஓடும்போதுதான் கசியும், டேங்க் அளவுக்கு ஏத்த மாதிரி மாறாது. அதனால உங்களுக்கு நான் கேஸ்கெட்டைத்தான் முதல்ல சொல்லுவேன். அதுலயும், முன்னாடி யாராவது பம்பைக் கழட்டிட்டுப் பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டிருந்தா சந்தேகமே வேண்டாம். பெட்ரோல்ல ஊறின ரப்பர் உப்பிப் பெருசாயிரும், அதோட பள்ளத்துல உக்காராது. அழுத்தித் திணிச்சு லாக் ரிங்கை முறுக்குவாங்க, ஒரு இடத்துல மடிஞ்சு நிக்கும். ஃபுல் டேங்க்ல, வளைவுல வண்டி சாயும்போது அந்த மடிப்பு வழியாத்தான் வரும்.

கழட்டுறதுக்கு டேங்க் பாதிக்குக் கீழ இருக்கணும். ஃபியூல் பம்பு ஃப்யூஸைப் பிடுங்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, தானா அணையும். இன்னொரு தரம் சாவியைத் திருப்பி 3 செகண்ட் ஸ்டார்ட்டரைச் சுத்த விட்டா (கிராங்க்) லைன்ல அழுத்தம் இறங்கிரும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். லாக் ரிங்கை இரும்பு ஸ்க்ரூடிரைவர் வெச்சுச் சுத்தியலால அடிக்கிற வழக்கம் இருக்கு, பொறி பறந்தா முடிஞ்சது கதை. அதுக்குன்னு உள்ள டூல், இல்லைன்னா மரக்கட்டையோ பித்தளையோதான். ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் புது கேஸ்கெட்தான் போடணும். எம்சீல் வெச்சு அடைக்கிறது பிளாஸ்டிக் டேங்க்ல பிடிக்கவே பிடிக்காது.

தூசி எல்லா இடத்துலயும் காய்ஞ்சே இருந்தா வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, மூடியிலேருந்து டேங்குக்குப் போற தடி ஹோஸையும், பக்கத்துல போற மெல்லிய காத்து ஹோஸையும் பாக்கணும். நின்ன வண்டியில எலி கடிக்கிறது இந்த மெல்லிசுதான். அதுல ஆவி மட்டும்தான் போகும், சொட்டாது, கறையும் இருக்காது. மெக்கானிக் கண்ணுக்குத் தப்பிச்சதுல ஆச்சரியம் இல்ல. மாத்தும்போது பெட்ரோலுக்குன்னு உள்ள ஹோஸ் போடச் சொல்லுங்க, தண்ணி டியூப் போட்டா கொஞ்ச நாள்ல விறைச்சு வெடிச்சுரும். இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2014 வண்டியோட ரப்பரெல்லாம் அந்தக் கலவையை நினைச்சுச் செஞ்சதில்ல, அதனால பக்கத்து ஹோஸுகளையும் அமுக்கிப் பாத்துருங்க.

இன்னொண்ணு, பங்க்ல நாஸில் டக்குன்னு நின்னப்புறமும் ரவுண்டாப் போடுங்கன்னு சொல்றது. அந்த மிச்சப் பெட்ரோல் கரி நிரப்பின கேனிஸ்டருக்குள்ள போயி அதை நனைச்சுரும். அது ஆவியைப் பிடிக்க வெச்ச டப்பா, பெட்ரோலே நேரா வந்தா தாங்காது. பெட்ரோல் போட்டவுடனே ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுதான்னு கவனிங்க, பண்ணினா கேனிஸ்டர் பக்கம் பாக்கச் சொல்லுங்க.

வேலை முடிஞ்சதும் சீட்டை உடனே மாட்ட வேண்டாம். ஃப்யூஸையும் பேட்டரியையும் திருப்பி மாட்டிட்டு, கிராங்க் பண்ணாம சாவியை மட்டும் 3, 4 தடவை ஆன் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் பம்பு ரெண்டு செகண்ட் ஓடும். பைப் மூட்டுகளைச் சுத்தி டிஷ்யூ பேப்பரால துடைச்சு மோந்து பாருங்க. அப்புறம் முதல் டக்கு வரைக்கும் ஃபுல் பண்ணி, காரைக்குடி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்து, தட்டைத் திறந்து மறுபடி பாத்துட்டுத்தான் மூடணும். கார்பெட்ல ஊறின வாடை இன்னும் ரெண்டு நாள் இருக்கும், அதைக் கழட்டி முற்றத்துல வெயில்ல போட்டுருங்க.