கோகுலத்தில் பிறக்க வரம் கேட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மனிதனாகப் பிறந்தால் கோகுலத்து இடையர்களோடு வாழவேண்டும். விலங்கானால் நந்தகோபர் வீட்டுப் பசுக்களோடு மேயவேண்டும். கல்லானால், இந்திரனின் மழைக்குக் கண்ணன் குடையாகப் பிடித்தானே, அந்த மலையின் கல்லாக வேண்டும். பறவையானால் யமுனைக் கரைக் கடம்பமரத்தில் அடையவேண்டும். இப்படிக் கேட்டவர் ரஸ்கான் என்ற முஸ்லிம் கவிஞர். இயற்பெயர் சையது இப்ராகிம் என்பார்கள். அக்பர், ஜஹாங்கீர் காலத்தவர். மதுராவைச் சுற்றிய விரஜ பூமியின் பேச்சுமொழியிலேயே பாடினார். வல்லபாச்சாரியாரின் மகன் விட்டல்நாதரை இவருடைய குருவாகச் சொல்கிறது வைணவ மரபு.

வேங்கடத்தில் குருகாகவும் மீனாகவும் படியாகவும் கிடக்க ஆசைப்பட்ட குலசேகர ஆழ்வாரை அறிந்த நமக்கு, இந்த ஏக்கம் சட்டென்று புரிந்துவிடும்.

என் மனத்தைவிட்டு அகலாதது அவருடைய காக்கைப் பாட்டு. குழந்தைக் கண்ணனுக்கு மேலெல்லாம் புழுதி. தலையில் அழகான குடுமி, இடுப்பில் மஞ்சள் கச்சை, காலில் கலீரென்று சதங்கை. தின்றுகொண்டே முற்றத்தில் ஓடி விளையாடுகிறான். ஒரு காக்கை வந்து அவன் கையிலிருந்த வெண்ணெய் ரொட்டியைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. "அடி தோழி, அந்தக் காக்கை செய்த பாக்கியமே பாக்கியம்!" என்கிறாள் பார்த்து நின்றவள். அதட்டவும் தோன்றவில்லை, விரட்டவும் தோன்றவில்லை அவளுக்கு. பொறாமைதான் தோன்றுகிறது! அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணாகவே மாறிவிட்ட ஒருவரால்தான் இப்படிப் பாட முடியும்.

இன்னொரு பாட்டில், ஆதிசேஷனும் சிவனும் இந்திரனும் ஓயாமல் துதிக்கும் பரம்பொருளை, இடைச் சிறுமிகள் சிறு கலய மோரைக் காட்டி ஆடவைக்கிறார்கள்.

அக்பரின் படைத்தலைவர் அப்துல் ரகீம் கான்கானானும் கண்ணனைப் பாடியவர்தான். ஆனால் ரஸ்கானுக்கு வேறு பேச்சே இல்லை. 1614இல் எழுதிய 'பிரேம வாடிகா' (அன்புத் தோட்டம்) என்ற நூலில், அன்பும் அரியாகிய கண்ணனும், சூரியனும் வெயிலும்போல ஒன்றே என்கிறார்.

அவர் மதம் மாறினாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. மேடைகளில் நல்லிணக்கத்துக்குச் சான்றாக அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரு பாட்டையாவது சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கண்ணனைப் பாடிய பெருங்கவிஞர் சூர்தாசருக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய கவிஞர் அவர்.

கோகுலத்துக்கும் மகாவனத்துக்கும் இடையே அவருடைய சமாதி இருக்கிறது. மதுராவுக்கு யாத்திரை போகிறவர்கள் அங்கேயும் அவசியம் போய்வாருங்கள். வணக்கம்.