கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம்.

கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கருப்பை வாயில் வருவது வேறு, இது வேறு. பெரும்பாலும் மாதவிடாய் நின்றுபோன பிறகு திடீரென்று ரத்தம் படும். உடனே வந்து காட்டுகிறவர்களில் பலருக்கு நோய் கருப்பையைத் தாண்டியிருக்காது. அறுவை சிகிச்சையோடு பிழைத்துக்கொள்கிறார்கள். சரி, பிழைத்தவர்கள் அப்புறம் எப்படி வாழ்கிறார்கள்? அதையும் அளந்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

நெதர்லாந்தில் போர்டெக்-2 என்று ஓர் ஆய்வு நடந்தது. 2002 முதல் 2006 வரை 427 பெண்களைச் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு பிரிவினருக்கு இடுப்புப் பகுதி முழுவதற்கும் வெளியிலிருந்து கதிர்வீச்சு, இன்னொரு பிரிவினருக்கு யோனிக்குள் மட்டும். 5 ஆண்டுகளில் யோனியில் நோய் திரும்பியது இரண்டு பக்கமும் 2 சதவீதத்துக்கும் குறைவு. நோயை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பெண்களிடமும் கேட்டார்கள். வயிற்றுப்போக்கு, தெரியாமல் மலம் கசிவது, கழிப்பறையை விட்டு விலக முடியாத நிலை, அதனால் அன்றாட வேலை கெடுவது எல்லாமே வெளிக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் கூடுதல். கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாம் இதில் அடிபட்டுப்போகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பதில்களும் சேர்ந்துதான், அந்த ஆய்வில் சேர்ந்தவர்களைப் போன்ற பெண்களுக்கு யோனிக்குள் மட்டும் கதிர்வீச்சு கொடுப்பதை வழக்கமாக்கின.

அப்போது இந்தப் புற்றுநோய்க்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான க்யூஎல்க்யூ-சி30 என்ற தாளோடு, புராஸ்டேட், சினைப்பைப் புற்றுநோய்த் தாள்களிலிருந்து கேள்விகளைக் கடன் வாங்கினார்கள். பெண்களின் குடல் உபாதையைக் கேட்க ஆண்களின் தாள்! 2011-ல்தான் இந்தப் புற்றுநோய்க்கென்றே இஎன்24 என்ற தனித் தாள் வெளியானது. கால் வீக்கம், அவசரமாகச் சிறுநீர் முட்டுவது, கை கால் மரத்துப்போவது, யோனி வறட்சி, உறவின்போது வலி என்று 24 கேள்விகள். 'இல்லவே இல்லை' முதல் 'மிக அதிகம்' வரை 4 பதில்கள். அவற்றை 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றுவார்கள். உபாதைக் கேள்வியில் மதிப்பெண் ஏறினால் கஷ்டம் ஏறுகிறது என்று பொருள். பொதுத் தாளில் வரும் நடமாட்டம், மனநிலை போன்றவற்றில் ஏறினால் நல்லது. இதில் குழம்பிவிடாதீர்கள்.

இந்தத் தாள்களை முதல் முறை அறுவை சிகிச்சைக்கு முன்பே நிரப்ப வேண்டும். இந்த நோயாளிகளில் பலருக்கு உடல் பருமனும் சர்க்கரையும் ஏற்கெனவே இருக்கும். முன்பே எழுதி வைக்காவிட்டால், கால் மரத்துப்போனது சர்க்கரையாலா கீமோவாலா என்று யார் சொல்வது?

பாலுறவுக் கேள்விகளைப் பலர் காலியாக விடுவார்கள். காலியிடத்தைப் 'பிரச்சினை இல்லை' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்து 'அம்மாவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று டிக் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து அவர்களை டீ குடித்துவரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றால், கதவைச் சாத்திவிட்டு நீங்களே ஒவ்வொன்றாகப் படித்துக் கேளுங்கள்.