பாலஹடரீன் எந்தக் கவுண்டி?

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் மேற்கே பாலஹடரீன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது ராஸ்காமன் கவுண்டிக்குள் இருக்கும். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. ஊருக்குச் சாலை போடுவது ராஸ்காமன் நிர்வாகம். உள்ளாட்சித் தேர்தலில் அந்த மக்கள் வாக்களிப்பதும் ராஸ்காமனுக்குத்தான். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தைக் கையில் எடுத்துவிட்டால், பக்கத்துக் கவுண்டியான மேயோவின் பிள்ளையாகிவிடுகிறான். ஊர் கிளப் மேயோவின் போட்டிகளில் ஆடுகிறது. அங்கிருந்து கவுண்டி அணிக்குத் தேர்வாகிறவர் மேயோவின் பச்சையும் சிவப்பும் கலந்த ஜெர்சியைத்தான் போடுகிறார்.

காரணம் 1898ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அதுவரை மேயோவில் இருந்த ஊரை அந்தச் சட்டத்தின் வழியே ராஸ்காமனோடு சேர்த்தார்கள். ஊர் போயிற்று, கிளப் போகவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை அதேதான்.

2017இல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அகில அயர்லாந்து கால்பந்துக் காலிறுதியில் மேயோவும் ராஸ்காமனும் மோதின. முதல் ஆட்டம் சமன். டப்ளினின் குரோக் பார்க்கில் மறு ஆட்டம் நடந்தது. மேயோ நான்கு கோலும் 19 புள்ளியும் எடுத்தது. ராஸ்காமனுக்கு ஒன்பது புள்ளி மட்டும். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி என்று கணக்குப் போட்டால் 22 புள்ளி வித்தியாசம். மேயோவின் முன்வரிசையில் அன்று நின்றவர் ஆண்டி மோரன். அந்த ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அவருடைய கிளப் பாலஹடரீன். ராஸ்காமன் மண்ணில் வளர்ந்த ஒருவர் ராஸ்காமனை எதிர்த்து ஆடினார். மேயோவில் ஒருவரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

நம்மில் பலருக்கு இந்த விளையாட்டுகள் பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். 1884 நவம்பர் 1ஆம் தேதி டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் நகரத்தில் ஒரு விடுதியில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு முன்முயற்சி எடுத்தவர் மைக்கேல் கியூசக். முதல் தலைவர் மாரிஸ் டாவின். சங்கத்தின் முக்கிய ஆட்டங்கள் இரண்டு. ஒன்று மர மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஹர்லிங். மற்றொன்று கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து. எவ்வளவு பெரிய வீரரானாலும் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியராகவோ விவசாயியாகவோ வேலை பார்த்துக்கொண்டே, எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடுகிறார்கள். அதிகப் பணம் தருகிற அணிக்குத் தாவும் வழக்கமே இல்லை. பிறந்து வளர்ந்த இடத்தின் கிளப், அந்த கிளப் சேர்ந்திருக்கும் கவுண்டி, அவ்வளவுதான். இதனால்தான் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி அங்கே உயிர்க் கேள்வியாக இருக்கிறது.

அந்தக் கோடுகளை யார் போட்டார்கள்? கவுண்டிகளை வகுத்தது ஆங்கிலேய ஆட்சி. நார்மானியர் வந்த பிறகு 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை, 1606இல் விக்லோ கவுண்டியோடு முடிந்தது. திருச்சபையின் வரைபடம் அதைவிடப் பழையது. 1111இல் ராத் பிரசில் என்னுமிடத்தில் கூடிய சபையே மறைமாவட்ட எல்லைகளை வரையத் தொடங்கிவிட்டது. பங்குகள், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த ஊர்ப் பகுதிகள், அந்த மறைமாவட்டங்களுக்குள் அமைந்தன. கவுண்டிக் கோடுகளை அவை பொருட்படுத்தவில்லை. கேலிக் விளையாட்டுச் சங்கமோ இரண்டையும் எடுத்துக்கொண்டது. கிளப்புக்கு அடித்தளம் பங்கு, அணிக்குப் பெயர் கவுண்டி. பல இடங்களில் ஒரே பங்கின் நடுவே கவுண்டிக் கோடு ஓடுகிறது. ஒரே கோயிலில் பூசை கண்டவர்கள் இரண்டு கவுண்டிகளாகப் பிரிந்து ஆட வேண்டுமா, ஒன்றாக ஆட வேண்டுமா? எங்கெல்லாம் மக்கள் ஒன்றாக ஆட முடிவு செய்தார்களோ அங்கெல்லாம் கிளப் கோட்டைத் தாண்டியது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

மனிகால் என்ற ஊரின் பெயரைச் சிலர் கேட்டிருக்கலாம். 2011 மே மாதம் பராக் ஒபாமா போய் இறங்கிய சின்னஞ்சிறு ஊர். அவருடைய தாய்வழி மூதாதை ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர். அந்த ஊர் இருப்பது ஆஃபலி கவுண்டியில், டிப்பரரி எல்லையை ஒட்டி. கிளப்போ டிப்பரரியில் ஆடுகிறது. 1975, 1976 இரண்டு ஆண்டுகளும் டிப்பரரியின் முதல்நிலை ஹர்லிங் பட்டத்தை மனிகால் வென்றது. ஹர்லிங்கில் டிப்பரரியின் பட்டம் என்றால் சாதாரணமில்லை. அந்த ஆட்டத்தின் தாய்வீடுகளில் ஒன்று அது. வரைபடத்தில் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் ஊர், அந்தத் தாய்வீட்டுக்குள் போய்த் தொடர்ந்து இரண்டு முறை கோப்பையைத் தூக்கியிருக்கிறது.

சூர் ஆற்றங்கரையில் உள்ள காரிக் நகரம் டிப்பரரியைச் சேர்ந்தது. சங்கத்தின் முதல் தலைவர் டாவின் பிறந்த ஊர். அதே நகரத்தின் தென்கரைப் பகுதியான காரிக்பெக்கின் கிளப் வாட்டர்ஃபோர்டு கவுண்டியில் ஆடுகிறது. நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான் தூரம்.

இதுவரை சொன்னது கிளப்புகள் கோட்டைத் தாண்டிய கதை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக வியப்பு. அரசு சில கோடுகளை அழித்தே விட்டது. வட அயர்லாந்தில் 1973இல் கவுண்டி நிர்வாகங்கள் நீங்கி மாவட்டக் கவுன்சில்கள் வந்தன. டப்ளின் கவுண்டியை 1994இல் நிர்வாகத்துக்காக மூன்றாகப் பிரித்தார்கள். ஆட்டக்களத்தில் இவை எதுவும் நடக்கவில்லை. டப்ளின் ஒரே டப்ளினாக ஆடுகிறது. வட அயர்லாந்தின் டைரோனும் ஃபெர்மானாவும் ஆர்மாவும் இன்றைக்கும் அகில அயர்லாந்துக் கோப்பைக்காகப் போராடுகின்றன. அந்தப் பெயர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கான தொண்டைகள் கூவுவது விளையாட்டு மைதானங்களில்தான். ஆள்பவர் போட்ட கோடு ஆளப்பட்டவரின் சொந்தமாகி, ஆள்பவர் கைவிட்ட பிறகும் மக்கள் கையில் நிற்கிறது.

நியூரி நகரத்தின் நடுவே ஓடும் கிளான்ரை ஆறு, டவுன் என்ற பெயருள்ள கவுண்டிக்கும் ஆர்மாவுக்கும் எல்லை. நகர மன்றக் கட்டடத்தை எந்தக் கரையில் எழுப்புவது என்ற போட்டி வந்தபோது ஆற்றின் மேலேயே, பாலத்தின் மீது கட்டினார்கள். பெல்ஃபாஸ்ட் நகரமும் அப்படித்தான், லாகன் ஆற்றின் இரு புறமும் ஆன்ட்ரிம், டவுன் என்று இரண்டு கவுண்டிகள். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள் வாழும் கிழக்கு பெல்ஃபாஸ்டில் 2020இல் ஒரு கேலிக் கிளப் தொடங்கினார்கள். அது டவுன் கவுண்டியில் ஆடுகிறது. அந்த கிளப் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான்.

2010களில் தென் அயர்லாந்தில் எல்லையை மாற்றும் யோசனைகள் மீண்டும் எழுந்தன. வாட்டர்ஃபோர்டு நகரம் ஆற்றைத் தாண்டிக் கில்கென்னிக்குள் வளர்ந்துவிட்டது. வெஸ்ட்மீத் கவுண்டியின் ஆத்லோன் நகரம் ராஸ்காமனுக்குள் பரவிவிட்டது. அரசு குழுக்களை அமைத்து ஆராயச் சொன்னது. திட்டமிடுபவர்கள் குடிநீர், வீடு, சாலை பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் தெற்குக் கில்கென்னி மக்கள் கொதித்தெழுந்தபோது முன்வரிசையில் வந்து நின்றது கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட ஹர்லிங் ஜெர்சி. ஆத்லோனை ஒட்டி, ராஸ்காமன் பக்கத்தில் கில்டூம் என்ற ஊரில் இருக்கும் செயின்ட் பிரிஜிட்ஸ் கிளப், 2013இல் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை ராஸ்காமனுக்குக் கொண்டுவந்தவர்களிடம் போய், நிர்வாக வசதிக்காக நீங்கள் இனி வெஸ்ட்மீத் என்று எப்படிச் சொல்வது? எல்லைகள் நகரவில்லை.

கிளப் கோட்டைத் தாண்டினால் ஏற்கும் மக்கள், தனி ஆள் தாண்டினால் எளிதில் ஏற்பதில்லை. 2012இல் கேவன் கவுண்டி வீரர் ஷானி ஜான்ஸ்டன், கில்டேருக்கு ஆட விரும்பிக் கிளப் மாற்றம் கேட்டார். மாதக்கணக்கில் இழுபறி. புதிய கவுண்டியில் ஒரு கிளப் போட்டியாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், கால்பந்து வீரரான அவர் சிறிது நேரம் ஹர்லிங் ஆடி அதை நிறைவேற்றினார். அதன்பின் கில்டேர் மோதிய அணி கேவன், அதுவும் கேவன் மைதானத்திலேயே. சொந்த ஊரார் அவரைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை. அதற்கு முன்பு லாரி டாம்கின்ஸ், கில்டேரை விட்டுக் கார்க் போனவர். 1990இல் கார்க் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கினார். கார்க் அவரைத் தன் மகனாகவே கொண்டாடியது.

விதியை வளைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜான்ஸ்டன் மீது வீசப்பட்ட வசை அளவு மீறியது. சம்பளம் வாங்காமல் ஆடுகிற ஒருவர், இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் தன் ஆட்டக்காலம் முடியுமுன் ஒரு இடம் தேடினார். பிறகு அவர் கேவனுக்கே திரும்பினார். கேவனும் அவரைச் சேர்த்துக்கொண்டு ஆடவிட்டது.