நியூயார்க் கடைகளில் ஒலித்த ரகரம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ஆங்கிலம் என்று நாம் ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பாஸ்டன் நகரத்துப் பழைய குடியினர் 'கார்' என்பதைக் 'கா' என்று நீட்டி முடிப்பார்கள். பிலடெல்பியாக்காரரோ அதே சொல்லின் ரகரத்தை விடாமல் உச்சரிப்பார். லண்டன் மேட்டுக்குடியினர் சொல்லின் கடைசி ரகரத்தை விழுங்கத் தொடங்கியபோது, அந்நகரோடு நெருங்கிய வாணிகத் தொடர்பு கொண்டிருந்த பாஸ்டன், நியூயார்க், சார்லஸ்டன் ஆகிய துறைமுகங்களின் செல்வர்களும் அதைப் பின்பற்றினார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நியூயார்க் மாநிலத்தின் பெரிய குடும்பமொன்றில் பிறந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1933இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்று ஆற்றிய உரையில் 'ஃபியர்' என்ற சொல்லை ரகரமின்றியே ஒலித்தார். அன்று அது கண்ணியத்தின் அடையாளம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கில் இந்த மதிப்பு தலைகீழாயிற்று. அதை அளந்து காட்டியவர் மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1962இல் அவர் சாக்ஸ், மேசிஸ், எஸ். கிளைன் என மேல்தட்டு, நடுத்தர, மலிவு விலைப் பேரங்காடிகள் மூன்றுக்குச் சென்று, நான்காம் தளத்தில் விற்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாதவர் போல மறுபடி கேட்பார். சற்றுத் தள்ளிப்போய், யாரும் பார்க்காதபடி குறித்துக்கொள்வார். ஆய்வு நடப்பதே தெரியாமல் பதில் சொன்ன 264 பேரில், ஒருமுறையேனும் ரகரத்தை ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசிஸில் 51, கிளைனில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இவர்கள் எல்லோரும் கடைச் சிப்பந்திகளே. வாடிக்கையாளரின் அந்தஸ்து இவர்கள் நாவிலும் ஏறியிருந்தது. எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது மேசிஸ் ஊழியர்களின் இரண்டாவது பதில்தான்: நிறுத்தி, அழுத்திச் சொன்னபோது 'ஃப்ளோர்' என்பதன் ரகரம் சாக்ஸின் அளவை எட்டிப்பிடிக்கப் பார்த்தது.

ரூஸ்வெல்ட் விட்ட அதே ரகரத்தைக் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் விட்டால், அதைப் படிப்பறிவின்மை என்று கருதியவர்கள் உண்டு. கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் 'ஹீ பி வொர்க்கிங்' என்றால் அவர் வழக்கமாக வேலை செய்பவர். 'ஹீ வொர்க்கிங்' என்றால் இப்போது வேலையில் இருக்கிறார். விதிப்படி அமைந்த இந்த வேறுபாட்டை இலக்கணப் பிழை என்று ஒதுக்குவது அநியாயம்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இது நீதிமன்ற வழக்காகவே வந்தது. கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்து, அதைக் கணக்கில் கொண்டு வாசிப்புக் கற்பிக்கப் பள்ளி நிர்வாகம் வழிசெய்ய வேண்டும் என்று 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். அந்தப் பேச்சுவழக்கையே பாடமாக நடத்தச் சொன்னதாகச் சிலர் திரித்துக் கூறினாலும், தீர்ப்பின் நோக்கம் அக்குழந்தைகள் பொது ஆங்கிலத்தைத் தடையின்றி வாசிக்கக் கற்பதே. நன்றி, வணக்கம்.