சுட்டவர்களுக்கு முதல் பங்கு

வணக்கம் நேயர்களே. வாங்கிய கடனைக் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஜப்தி வரும், அது நமக்கெல்லாம் தெரியும். ஒரு நாடே கட்டாமல் விட்டால்? ஒரு காலத்தில் போர்க்கப்பல் வந்தது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, 1902 டிசம்பரில் வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி மூன்றின் கப்பல்களும் உண்மையிலேயே வந்து நின்றன. நாடுகளின் கடனைப் பற்றி இன்றைய சர்வதேசச் சட்டம் பேசும் பல விஷயங்களுக்கு அந்தக் கடற்கரையில்தான் வேர் இருக்கிறது. அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

வெனிசுவேலாவில் 1899-இல் சிப்ரியானோ காஸ்ட்ரோ படையோடு வந்து ஆட்சியைப் பிடித்தவர். அதற்கு முன்னும் உள்நாட்டுச் சண்டை, அதற்குப் பின்னும் உள்நாட்டுச் சண்டை, கஜானாவில் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி போகவில்லை. ரயில் பாதை போட்ட வகையில் ஜெர்மானியர்களுக்குப் பாக்கி, லண்டனில் கடன் பத்திரம் வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பாக்கி, அது போதாதென்று சண்டையில் எங்கள் ஆட்களின் சொத்து நாசமானது, நஷ்டஈடு கொடு என்று அந்த வெளிநாடுகளின் கோரிக்கை வேறு. எங்கள் நாட்டு விவகாரம், எங்கள் சட்டப்படிதான் விசாரிப்போம் என்றார் காஸ்ட்ரோ.

டிசம்பர் 9-ஆம் தேதி லா குவைரா துறைமுகத்தில் இருந்த வெனிசுவேலாவின் சின்னச் சின்னப் போர்க்கப்பல்களைப் பிடித்தார்கள், அதில் இரண்டை ஜெர்மானியர்கள் மூழ்கடித்தார்கள். சில நாளில் புவேர்ட்டோ கபேயோ கோட்டைகள் மீது குண்டு விழுந்தது. பிறகு துறைமுகங்களை முற்றுகையிட்டார்கள். சுங்க வரியை நம்பித்தான் அந்த அரசு நடந்தது, கப்பல் வராவிட்டால் சுங்கம் ஏது? கடனைக் கட்டு என்று சொல்லிக்கொண்டே, கட்டுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தார்கள்.

அந்த மாதமே, டிசம்பர் 29-ஆம் தேதி, அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சர் லூயிஸ் மரியா டிராகோ, வாஷிங்டனில் இருந்த தன் நாட்டுத் தூதருக்கு ஒரு கடிதம் எழுதினார். அர்ஜென்டினாவும் லண்டனில் நிறையக் கடன் வாங்கிய நாடுதான், 1890-இல் அதன் பத்திரங்களில் சிக்கிப் பேரிங் என்ற பெரிய வங்கியே விழப் பார்த்தது. நாளைக்கு இதே கப்பல் நம் வாசலுக்கும் வரலாம் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும், அதில் தவறொன்றும் இல்லை.

கடனைக் கட்ட வேண்டாம் என்று டிராகோ எங்கேயும் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அவரை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். கடன் கடன்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் எப்போது, எப்படிக் கட்டுவது என்பதை அந்த நாடுதான் முடிவு செய்ய வேண்டும், படையை வைத்து வசூலிக்கக் கூடாது என்றார். கடன் கொடுப்பவர் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுக்கிறார், அந்த நாடு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நிபந்தனை வைக்கிறார் என்பது அவர் வாதம். இதை நம் கணக்கில் பார்ப்போம். நூறு ரூபாய் என்று எழுதிய பத்திரத்தை எழுபதுக்கு வாங்கி, நூறுக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார் ஒருவர். அந்த முப்பது ரூபாய் எதற்கு? பணம் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்கு. ஆபத்துக்கான விலையை முதலிலேயே எடுத்துக்கொண்டவர், ஆபத்து வந்ததும் தன் அரசின் பீரங்கியைக் கூப்பிட்டால் அது என்ன நியாயம்?

சரி, முற்றுகை எப்படி முடிந்தது? 1903 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஒப்பந்தம் ஆனது. லா குவைரா, புவேர்ட்டோ கபேயோ இரண்டு துறைமுகங்களின் சுங்க வருமானத்தில் 30 சதவீதம் பாக்கி வர வேண்டியவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். இங்கேதான் புதிய வழக்கு கிளம்பியது. அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின், பெல்ஜியம் என்று வேறு நாடுகளுக்கும் வெனிசுவேலா பணம் தர வேண்டியிருந்தது, அவர்கள் குண்டு போடவில்லை. முற்றுகையிட்ட மூன்று நாடுகளோ எங்களுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்றன. வழக்கு ஹேக் நகரில் இருந்த நடுவர் மன்றத்துக்குப் போனது. நாடுகள் சண்டை போடாமல் வழக்குப் பேசித் தீர்த்துக்கொள்வதற்காக 1899-இல் உருவான மன்றம் அது. 1904 பிப்ரவரி 22-ஆம் தேதி அந்த மன்றம், முற்றுகையிட்ட நாடுகளுக்கே முன்னுரிமை என்று தீர்ப்புச் சொன்னது. பொறுமையாக இருந்தவர் பின்னால் நிற்க வேண்டும், சுட்டவர் முன்னால் வரலாம்! சர்வதேசச் சட்ட வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற தீர்ப்பு இது.

அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொண்டார். ஐரோப்பியக் கப்பல்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது, தேவைப்பட்டால் நாங்களே தலையிடுவோம் என்று 1904 டிசம்பரில் அறிவித்தார். அடுத்த வருஷமே டொமினிக்கன் குடியரசின் சுங்க அலுவலகங்கள் அமெரிக்கர் கைக்குப் போயின, வசூலில் 45 சதவீதம் அந்த அரசுக்கு, மீதி கடனுக்கு. 1916-இல் ராணுவமும் வந்தது, 1924 வரை போகவில்லை.

டிராகோவின் குரல் 1907-இல் ஹேக் மாநாட்டில் ஒரு பாதி ஜெயித்தது. ஒப்பந்தக் கடனை வசூலிக்க ஆயுதம் எடுக்கக் கூடாது என்று நாடுகள் உடன்பட்டன. ஆனால் கடன் வாங்கிய நாடு நடுவர் விசாரணைக்கு மறுத்தாலோ, தீர்ப்பை ஏற்று நடக்காவிட்டாலோ அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தார்கள். மாநாட்டில் டிராகோவும் இருந்தார், அந்தப் பின்வாசலை அவர் ஏற்கவில்லை. 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனம் வந்த பிறகுதான் ஆயுதத்துக்கான அந்த வழியும் அடைபட்டது.

அப்புறம் கதை நீதிமன்றங்களுக்கு மாறியது. 2001-இல் அர்ஜென்டினா கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2005, 2010 இரண்டு தடவையும் பேசி, பத்திரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் பெரிய தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டார்கள். சில முதலீட்டு நிதி நிறுவனங்கள் மட்டும் மறுத்தன, அவற்றில் பல மலிவான விலையில் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தவை. 2012 அக்டோபரில் அர்ஜென்டினக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்டாட் கானா நாட்டின் டெமா துறைமுகத்துக்குப் போனபோது, அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் அங்குள்ள நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி அதைப் பிடித்து வைத்தது. அந்தக் காலத்தில் கடனுக்காகப் போர்க்கப்பல் வந்தது, இப்போது கடனுக்காகப் போர்க்கப்பலே ஜப்தி! ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பர் 15-ஆம் தேதி, போர்க்கப்பலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, விடுங்கள் என்று ஒருமனதாக உத்தரவிட்டது. 2013 ஜனவரியில் கப்பல் ஊர் திரும்பியது, மார் டெல் பிளாட்டா துறைமுகத்தில் ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள்.

கப்பல் திரும்பியது, வழக்கு நியூயார்க்கில் தொடர்ந்தது. மறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் மற்றவர்களுக்கும் கொடுக்க முடியாது என்று அங்குள்ள நீதிமன்றம் தடை போட்டது. 2016-இல் அர்ஜென்டினா இறங்கி வந்து, முக்கியமான நான்கு நிறுவனங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 465 கோடி டாலர் கொடுத்தது. தள்ளுபடிக்கு முன்பே ஒத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்ததைவிட அவர்களுக்குப் பல மடங்கு கிடைத்தது.

வணக்கம்.